தானே புரளும் டோனட்

கதையில் சாப்பாட்டைப் பற்றி எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பண்டங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டால் வாசகன் நாக்கில் ஜலம் ஊறிவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஊறத்தான் செய்யும். ஆனால் அதற்குக் கதாசிரியன் எதற்கு? கல்யாணச் சமையல்காரரின் ஜாபிதாவே போதுமே! அந்தப் பண்டத்தைச் செய்தது யார், எத்தனை நேரம் அடுப்படியில் நின்றார்கள், அது கிடைக்காத நாளில் அந்த வீடு எப்படி இருந்தது என்பதெல்லாம் தெரிந்து எழுதும்போதுதான் சாப்பாடு இலக்கியமாகிறது என்பது என் அபிப்பிராயம்.

இதை ஒரு சின்னப் பலகாரத்தை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்கர்களின் டோனட்தான் அது. நம் மெதுவடை மாதிரி நடுவில் துளையுள்ளது, ஆனால் தித்திப்பானது, கோதுமை மாவில் செய்வது. அந்தத் தேசத்தின் வடகிழக்குப் பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கும். ஆப்பிள் அறுவடையும் அப்போதுதான். குடும்பம் குடும்பமாகத் தோப்புக்குப் போய்க் கூடை நிறையப் பறித்து வருகிறார்கள். வந்த பிறகு, இத்தனை ஆப்பிளையும் என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு ஒரு பதிலாக வீட்டிலேயே டோனட் செய்கிறார்கள். மாவு, முட்டை, வெண்ணெய், சர்க்கரை, ஆப்பிள் கூழ் அல்லது சாறு, பட்டை, ஜாதிக்காய், கிராம்பு எல்லாவற்றையும் கலந்து, வளைய அச்சில் ஊற்றி, ஓவனில் சுமார் 175 டிகிரி சென்டிகிரேடில் கால்மணி நேரம் சுடுவார்கள். எடுத்தவுடன் உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, பட்டைப்பொடி கலந்த சர்க்கரையில் புரட்டுவார்கள்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இந்தச் சமையல் குறிப்பு அங்கே பத்திரிகைகளில் மறுபடி மறுபடி வருகிறது. வெறும் குறிப்பாக அது வருவதில்லை. பாட்டியின் அடுப்படி, பழைய பண்ணை வீடு, ஜன்னலுக்கு வெளியே உதிரும் இலை என்று ஒரு முகவுரையோடு வருகிறது. சமையல் குறிப்பும் ஒரு வகைக் கதைதான் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கதை உண்மைதானா என்று கேட்கிற உரிமை வாசகனுக்கு உண்டல்லவா? அமெரிக்கக் கதாசிரியர்கள் மூன்று பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டுப் பார்க்கிறேன்.

முதலாமவர் வாஷிங்டன் இர்விங். 1820-ல் வெளிவந்த அவருடைய 'ஸ்லீப்பி ஹாலோ' கதை, தலையில்லாத குதிரை வீரனின் பேய்க்கதை என்றுதான் பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் அதில் இலையுதிர் காலத்து ஆப்பிள் இருக்கிறது, டோனட்டும் இருக்கிறது. இகபாட் கிரேன் என்ற ஏழைப் பள்ளிக்கூட வாத்தியார், வான் டாசல் என்ற பணக்காரக் குடியானவரின் வீட்டு விருந்துக்குப் போகிறார். வழியெல்லாம் ஆப்பிள். மரத்தில் தொங்குவது, சந்தைக்காகக் கூடையிலும் பீப்பாயிலும் நிரப்பியிருப்பது, சாறு பிழியக் குவித்திருப்பது. விருந்து மேஜையில் டோனட்டுடன் ஒலிகுக் என்ற டச்சுப் பணியாரமும் இருக்கிறது. எண்ணெய்ப் பணியாரம் என்று அதற்கு அர்த்தம். 17-ம் நூற்றாண்டு டச்சுச் சமையல் நூலிலேயே ஆப்பிள், திராட்சை, பட்டை, இஞ்சி, கிராம்பு எல்லாம் சேர்த்து அதைச் செய்யச் சொல்லியிருக்கிறது. இலங்கைப் பட்டை வியாபாரத்தின் மேல் கண்வைத்துப் போர்ச்சுகீசியருடன் சண்டையிட்டு, 1658-க்குள் அந்தத் தீவின் கரையோரத்தை டச்சுக்காரர்கள் கைப்பற்றியதும் அதே நூற்றாண்டில்தான். அமெரிக்கப் பாட்டியின் அடுப்படி வாசனை என்று சொல்லப்படுவதற்குப் பின்னால் இப்படி ஒரு கப்பலும் பீரங்கியும் உண்டு.

இர்விங்கின் விருந்து வர்ணனை பிரசித்தமானது. ஆனால் அத்தனை ஆப்பிளையும் தோல் சீவியது யார், பணியாரம் பொரித்தது யார் என்று அந்த மேஜை நமக்குச் சொல்வதில்லை. காரணம், நாம் மேஜையைப் பார்ப்பது இகபாடின் கண்ணால். அவருக்குப் பண்டம் தெரிகிறது; கை தெரியவில்லை. இது ஆசிரியரின் குறை அல்ல, அவருடைய கெட்டிக்காரத்தனம். வான் டாசலின் மகள் காட்ரினாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பண்ணையை அடைந்தால் என்ன செய்யலாம் என்று வாத்தியார் கனவு காண்கிறார். அந்தக் கனவில் அவர் பண்ணையில் வாழவில்லை. அதை விற்றுப் பணமாக்கி, மேற்கே வனாந்தரத்தில் நிலம் வாங்கப் போகிறார்! பலகாரத்தைக் கண்டு உருகுகிறவனுக்கு அது விளைந்த மண்ணிடம் பிரியம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தக் கதையைப் பேய்க்கதை வரிசையிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்கத் தோன்றுகிறது.

இரண்டாமவர் லாரா இங்கல்ஸ் வைல்டர். 1867-ல் பிறந்தவர். முதல் நாவல் 1932-ல் வெளிவந்தபோது அவருக்கு வயசு 65. அடுத்த வருஷம் 'பார்மர் பாய்' என்ற குடியானவப் பையனின் கதை வந்தது. நியூயார்க் மாகாணத்தில் மலோன் என்ற ஊருக்குப் பக்கத்தில் தம் கணவர் அல்மான்ஸோ கழித்த பாலியத்தை அதில் எழுதியிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் சாப்பாடு: ஆப்பிளும் வெங்காயமும் சேர்த்து வதக்கிய பதார்த்தம், ராத்திரிக் கணப்படியில் ஆப்பிளும் சோளப்பொரியும் ஆப்பிள் சாறும், சனிக்கிழமை அம்மா பொரிக்கும் டோனட்.

அந்த டோனட்டைப் பாருங்கள். அது வளையம் அல்ல, முறுக்கியது. கொதிக்கும் கொழுப்பில் போட்டால் அடியில் போய், மேலே வந்து, உப்பி, தானாகவே மறுபக்கம் புரண்டு கொள்ளும். வளைய டோனட் அப்படிப் புரளாது. பக்கத்தில் நின்று திருப்பிவிட வேண்டும். அதற்கெல்லாம் தனக்கு நேரமில்லை என்று அந்த அம்மாள் புதுநாகரிக வளையத்தை ஒதுக்கிவிடுகிறாள். ஒரு பலகாரத்தின் வடிவத்தை வைத்தே ஒரு ஸ்திரீயின் பகல் பொழுது எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடுகிறார் ஆசிரியை. அவள் தறியில் துணி நெய்கிறாள். வெண்ணெய் கடைந்து விற்கிறாள். இத்தனைக்கும் நடுவில் டோனட்டும் பொரிக்கிறாள். அடுப்படியில் நின்றவர்களுக்குத்தான் இந்த விவரம் தெரியும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இந்த அம்மாளுக்கு அலுப்பே வருவதில்லை. அவள் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டதாக என் ஞாபகத்தில் இல்லை. வீடு நிறைந்த சுபிட்சத்தைச் சொல்லும் உற்சாகத்தில், அதற்குக் கொடுத்த விலையை ஆசிரியை கேட்க மறந்துவிட்டார் என்று முதல் வாசிப்பில் தோன்றும்.

அந்த விலை வேறொரு புஸ்தகத்தில் இருக்கிறது. 1940-ல் அவர் எழுதிய 'லாங் விண்டர்', 1880–81 பனிக்காலத்தில் டகோட்டா சமவெளியில் டி ஸ்மெட் என்ற சிற்றூர் பட்ட பசியின் கதை. பனிப்புயலில் ரயில் நின்றுவிடுகிறது. மாவு தீர்ந்து போகிறது. காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன யந்திரத்தில் கோதுமையை மாற்றி மாற்றி அரைத்து, அந்த முரட்டு மாவில் ரொட்டி சுட்டு உயிர் பிழைக்கிறார்கள். நிலக்கரியும் இல்லை. அப்பாவும், 14 வயசை எட்டிக்கொண்டிருந்த லாராவும் குளிரில் நின்று வைக்கோலை முறுக்கி முறுக்கிக் கட்டைகளாக்கி எரிக்கிறார்கள். கை புண்ணாகிறது. சனிக்கிழமை டோனட்டை முறுக்கிய அதே கைவேலையை இங்கே பசி செய்கிறது. அந்த ஊருக்காகப் பனியில் துணிந்து போய்க் கோதுமை வாங்கிவந்த இரண்டு இளைஞர்களில் ஒருவன் யார் தெரியுமா? டோனட் தின்று வளர்ந்த அந்த அல்மான்ஸோதான்.

இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு, 'பார்மர் பாய்' சாப்பாட்டு ராமனின் புஸ்தகம் அல்ல என்று புரிகிறது. பசித்திருந்த ஒரு பெண், தான் காணாத ஒரு நிறைந்த வீட்டை, கணவர் சொல்லக் கேட்டு, ஒரு பண்டம் விடாமல் எழுதி வைத்தாள். அதை எழுதிய காலமும் அமெரிக்கா முழுவதும் வேலையில்லாமல் தவித்த பொருளாதார மந்தத்தின் நடுவே. ஏக்கம் பொய்யாவதற்கு எல்லா வசதியும் இருந்தும் இங்கே பொய்யாகவில்லை.

மூன்றாமவர் ராபர்ட் மக்ளாஸ்கி. 1943-ல் வந்த அவருடைய 'ஹோமர் ப்ரைஸ்' குழந்தைகளுக்கான கதைத் தொகுதி. அதில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் டோனட் யந்திரம் ஒன்று ஓடத் தொடங்குகிறது, நிறுத்த முடியவில்லை. மேஜை, அலமாரி, நாற்காலி எல்லாம் டோனட். இத்தனையையும் யார் வாங்குவது? மாவு கலந்து கொடுத்த பணக்கார அம்மாளின் வளையல் மாவில் விழுந்துவிட்டது தெரிகிறது. எந்த டோனட்டில் வளையல் இருக்கிறதோ அதைக் கொண்டுவந்தவருக்கு 100 டாலர் பரிசு என்று எழுதிப் போடுகிறார்கள். அவ்வளவுதான், ஊரே வந்து வாங்கித் தின்கிறது. சிரித்துவிட்டுப் போகிற கதை போலத் தோன்றும். ஆனால் பசிக்கு மிஞ்சி உற்பத்தி செய்கிறவன், பண்டத்துக்குள் பசியல்லாத வேறு ஏதாவது ஒன்றை வைத்துத்தான் விற்க வேண்டும் என்ற உண்மை அதில் இருக்கிறது.

இதுவும் கற்பனை மட்டுமல்ல. 1920-ல் நியூயார்க்கில் அடால்ப் லெவிட் என்பவர் தானாக ஓடும் டோனட் யந்திரத்தைக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 1951-ல் ஆப்பிள் சாறு சேர்த்த டோனட்டை இலையுதிர் காலத்துப் பண்டமாக விளம்பரம் செய்தது. ஆப்பிளும் பட்டையும் சேர்ந்த பணியாரம் டச்சுக்காரர் காலத்திலேயே உண்டு என்று பார்த்தோம். அதை ஒரு பருவத்தோடு முடிச்சுப் போட்டு விற்கலாம் என்பதுதான் புதுசு. மக்ளாஸ்கியின் வளையலுக்குப் பதில், இங்கே பாட்டியும் பண்ணை வீடும் உதிரும் இலையும் மாவுக்குள் வைக்கப்பட்டன.

அப்படியானால் அக்டோபர் மாதத்தில் தன் வீட்டு ஓவனில் டோனட் சுடுகிற பெண்மணி விளம்பரத்துக்கு ஏமாந்தவளா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். கண்டிப்பாகப் பார்த்தால் அவள் சுடுவது டோனட்டே அல்ல என்று வாதாடலாம்தான். சுமார் 190 டிகிரி சூட்டில் கொழுப்பில் பொரிந்தால்தான் அந்த மொறுமொறுப்பான தோல் வரும். ஓவனில் வருவது வளைய வடிவத்துக் கேக். பொரிக்கும்போது நடுத்துளை இருந்தால்தான் உள்மாவு சீக்கிரம் வேகும். ஓவனில் அந்த அவசரம் இல்லை. துளை பெரும்பாலும் ஞாபகார்த்தம்தான். ஆனால் தேவை போன பிறகும் பிரியத்தினால் உருவத்தை வைத்துக்கொள்வது இலக்கியத்திலும் நடக்கிற காரியம். அதில் பொய் இல்லை.

பொய் வேறோர் இடத்தில் வருகிறது. ஆப்பிள் மிகவும் அடக்கமான பழம். அதன் சாற்றை அப்படியே மாவில் ஊற்றினால் ஈரம் சேருமே தவிர ருசி சேராது. இரண்டு கிண்ணம் சாற்றை அடுப்பில் வைத்து, அரைக் கிண்ணமாகச் சுண்டும்வரை காய்ச்சினால்தான் சுட்ட பிறகும் அது ஆப்பிள் என்று தெரியும். இருபது நிமிஷம், சில சமயம் அதற்கு மேலும், அடுப்பைக் கவனித்துக்கொண்டு நிற்க வேண்டும். பல குறிப்புகள் இந்த வேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பட்டைப்பொடியை ஒரு கரண்டி கூட்டிப் போடச் சொல்கின்றன. தின்கிறவர்களும் பட்டையின் வாசனையையே ஆப்பிளின் வாசனை என்று எண்ணித் திருப்தியடைகிறார்கள்.

பழைய காலத்தைப் பற்றி ஏங்கி எழுதப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றின் குறையும் இதுதான். பழம் சுண்டவில்லை, மசாலா தூக்கல். திண்ணை, கிணற்றடி, பாட்டி என்று பெயர்களைத் தூவிவிட்டால் போதும் என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். வாசகர்களும் சில சமயம் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். வைல்டர் அம்மாள் தம் பசியைச் சொல்வதற்கு அறுபது வருஷம் காத்திருந்தார். அத்தனை வருஷமும் அது உள்ளே சுண்டிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருடைய இந்த இரண்டு நாவல்களையும் குழந்தைப் புஸ்தகம் என்று ஒதுக்காமல் நம் வாசகர்கள் படித்துப் பார்க்க வேண்டும். முதலில் 'பார்மர் பாய்'. அதை முடித்த கையோடு 'லாங் விண்டர்'. பிறகு முதல் புஸ்தகத்தில் அந்த டோனட் வரும் பக்கத்துக்குத் திரும்பிப் போய், அது கொழுப்பில் தானே புரள்வதை இன்னொரு தரம் பார்க்கலாம்.