எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

'விவரம் அறிந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.' நம் பத்திரிகைகளில் இந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பீர்கள்? யார் அந்த வட்டாரம் என்று நீங்கள் கேட்க முடியாது. பெயர் வெளியே வந்தால் வேலை போகும், உயிர் போகும் என்கிறவரை மறைத்துக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் பாதி நேரம் அந்த வரி, அலைந்து தேடாத சோம்பேறித்தனத்துக்குப் போட்ட முக்காடுதான்.

முக்காடு இல்லாமல் எழுத முடியுமா? முடியும் என்று காட்டிய புத்தகம், பி. சாய்நாத் எழுதி 1996-ல் வெளிவந்த 'எவரிபடி லவ்ஸ் எ குட் டிராட்'. நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் தங்கி, நடந்து எழுதிய செய்திகளின் தொகுப்பு. நம்ம ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு.

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங்கில் முதலில் சொல்லித்தருவது, வவுச்சரைப் பார், அப்புறம் சரக்கு நிஜமாகவே இருக்கிறதா என்று குடோனுக்குப் போய்ப் பார். சாய்நாத் செய்வதும் அதுதான். ஒடிசாவின் மல்கான்கிரியில் துருவா பழங்குடிகளைப் பற்றி ஒரு கட்டுரை. பட்டியலில் அவர்கள் பெயரை எழுதியதில் எழுத்துக் குழப்பம். அதனால் கிடைக்க வேண்டிய சலுகைகள் போயின. பட்டியலை மட்டும் பார்த்தவருக்கும் இது தெரியாது, ஊருக்கு மட்டும் போனவருக்கும் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கே தெரியும்.

புத்தகத்தில் எனக்கு ஒரு குறை. முடிவு இருக்கிறது, வழி குறைவாக இருக்கிறது. எந்த ஆபீஸில் எந்தக் காகிதத்தைக் கேட்டார், எத்தனை நடை நடந்தார் என்பதை இன்னும் சொல்லியிருக்கலாம். சின்ன ஊர் நிருபருக்கு அதுதானே வேண்டும்?

சரி, ஒரு சின்ன ஊரையே எடுத்துக்கொள்வோம். திருத்தணி. படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிற பலருக்குத் தெரியாது, அந்த ஊர் தமிழ்நாட்டில் இருப்பதில் புள்ளிவிவரத்துக்கும் பங்கு உண்டு என்று. அது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடினார்கள். போராட்டம் பிரச்னையை டெல்லி வரை கொண்டுபோனது. அதன் பிறகு படாஸ்கர், கிராமத்தை அலகாக வைத்து, எங்கே எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இங்கே வந்தது.

இன்று அதே ஊரில் ஒரு ஏரி சுருங்கிவிட்டது என்று புகார் வருகிறது, வைத்துக்கொள்ளுங்கள். 'ஆக்கிரமிப்பு என்று பொதுமக்கள் குமுறல்' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நிருபர் தாலுகா ஆபீஸில் புலப்படம் கேட்கலாம். சர்வே எண்ணைப் போட்டு 'அ' பதிவேட்டில் அந்த இடம் என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்று இணையத்திலேயே பார்க்கலாம். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் போட்டால் யார் யாருக்கு விற்றார் என்பது வரும். 1960-க்கு முந்தைய காகிதம் வேண்டுமென்றால் சித்தூர் பக்கமும் தேட வேண்டியிருக்கும். பிறகு கரையில் நடந்து, அங்கே வீடு கட்டியிருப்பவரிடமும் பேச வேண்டும். அவர் காசு கொடுத்து ஏமாந்தவராகவும் இருக்கலாம். அதைக் காகிதம் சொல்லாது.

இணையத்தில் கிடைக்காததற்கு, 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. ஆனால் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதன் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதியது. தனிநபர் தகவலானாலும் பெரும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் எடுக்கப்பட்டது. 8(2)-ல் பொதுநலன் இன்னும் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் 'தனிநபர் தகவல், தர முடியாது' என்று ஒரு வரியில் மடக்கி அனுப்ப அதிகாரிக்கு இப்போது சுலபம். பயனாளிகள் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று தெரியாமல், யாருக்குப் பணம் போனது என்று எப்படிக் கேட்பது? துருவாக்களின் கதையே பெயரில்தானே இருந்தது!

நிருபர் கேட்பது இருக்கட்டும், நீங்களும் கேளுங்கள். அடுத்த தடவை 'வட்டாரங்கள்' என்று படித்தால், இது எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். எனக்கும் சேர்த்துத்தான்.