கையறுநிலையும் ஒரு நாயின் சாவும்: பப்லோ நெருடாவின் இரங்கற்பா குறித்து

தமிழ்ப் புறத்திணை மரபிற் கையறுநிலை தனியொரு துறையாகப் பேணப்பட்டது. அரசனோ வள்ளலோ மாண்டவிடத்து, அவனைச் சார்ந்து வாழ்ந்த பாணரும் புலவரும் செயலற்று இரங்குவதே அதன் பொருள். ஆதரித்தவனுக்காக அண்டி வாழ்ந்தவன் அழுகின்றான் என்பது அத்துறையின் அடித்தளம். வளர்த்த நாய்க்குப் பாடப்படும் இரங்கற்பாவில் இந்நிலை தலைகீழாகின்றது. அங்கு மாண்டது அண்டி வாழ்ந்த உயிர். அழுபவன் அதன் எசமான். ஆதலின் இவ்வகைக் கவிதையை மதிப்பிடுவோர் முதலில் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு: துயரத்தின் நடுவிலும் கவிஞன் எசமானாகவே இருக்கின்றானா? அவன் பெறும் ஆறுதலின் தரம் இவ்வினாவுக்கான விடையிலேயே தங்கியுள்ளது.

ஆங்கிலக் கவிஞர் பைரன், 1808ஆம் ஆண்டில் தம் நாய் போட்ஸ்வெயின் விசர்நோய் கண்டு இறந்தபோது, நியூஸ்டெட் மாளிகை வளவில் அதற்கு நினைவுச்சின்னம் எழுப்பிக் கவிதையொன்றையும் அதிற் பொறிப்பித்தார். அக்கவிதையிலே நாயின் பற்றுறுதி போற்றப்படுகின்றது; அதன் நெஞ்சம் எசமானுக்கே உரியதாயிருந்தமை பெருமையாகக் கூறப்படுகின்றது. ஆயினும் சில அடிகளுக்குள் கவிதை நாயை விட்டகன்று மனித குலத்தின் பொய்மையைச் சாடத் தொடங்கிவிடுகின்றது. முடிவில் எஞ்சுவது, ஒரேயொரு நண்பனையே பெற்றிருந்த கவிஞனின் தனிமை. துயரம் மனித வெறுப்பாக மாறும்போதும் ஒருவகை ஆறுதல் கிட்டலாம். ஆனால் அந்த நாய் எவ்வாறு ஓடிற்று, எவ்வாறு நோக்கிற்று என்பவற்றை வாசகர் கடைசிவரை அறிவதில்லை.

சிலி நாட்டுக் கவிஞர் பப்லோ நெருடா 1973ஆம் ஆண்டு செப்டெம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டில் வெளிவந்த 'குளிர்காலத் தோட்டம்' என்னும் தொகுதியில், நாயொன்றின் சாவைப் பொருளாகக் கொண்ட கவிதை இடம்பெறுகின்றது. தோட்டத்தில், துருவேறிய பழைய இயந்திரமொன்றின் அருகே நாய் புதைக்கப்பட்ட செய்தியுடன் அது தொடங்குகின்றது. கவிஞர் பொருள்முதல்வாதி, மனிதருக்கு வாக்களிக்கப்படும் விண்ணுலகை ஏற்காதவர். எனினும், தாம் ஒருபோதும் புகமுடியாத நாய்களின் விண்ணுலகொன்றை மாத்திரம் ஒப்புக்கொள்கின்றார். வாலை விசிறிபோல் ஆட்டியவாறு அந்நாய் அங்கு காத்திருக்குமாம். நம்பிக்கையற்றவர் தம் துயரத்துக்கு வழங்கும் சிறு சலுகை இது. இதிலுள்ள மெல்லிய நகைச்சுவையே இதனை நேர்மையானதாக்குகின்றது.

கவிதையின் மையம் அடுத்து வரும் பகுதியில் உள்ளது. அந்நாய் என்றும் அடிமைபோல் நடந்ததில்லை என்கின்றார் கவிஞர். வேண்டிய அளவுக்கு மேல் அது நெருங்கவில்லை. உடைமீது ஏறி மயிர் உதிர்க்கவில்லை. தனக்கெனத் தொலைவொன்றைப் பேணிற்று. இஸ்லா நெக்ராக் கடற்கரையின் குளிர்காலத்தில், அலைத்துமியை எதிர்கொண்டு வாலுயர்த்தித் துள்ளிய அதன் மகிழ்ச்சி எசமானின் பொருட்டு எழுந்ததன்று. தன்னிறைவுடைய ஓர் உயிராகவே அது நினைவுகூரப்படுகின்றது. தம்மிருவருக்குமிடையே பொய் இருந்ததில்லை என்ற தெளிவோடும், புதைத்தமையைக் கூறும் வரண்ட வாக்கொன்றோடும் கவிதை முடிகின்றது. பிரியாவிடைச் சொற்கள் வேண்டா என மறுக்கப்படுகின்றன. உண்மையாக இருந்த உறவுக்கு இறுதியிற் சேர்க்கவேண்டியது எதுவுமில்லை என்பதே இக்கவிதை தரும் ஆறுதல்.

எனினும் இலங்கைத் தமிழ் வாசகர் இவ்விடத்தில் நின்றுவிட இயலாது. நெருடா 1929ஆம் ஆண்டிற் சிலியின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தைக் கடலோரத்தில் வாழ்ந்தவர். அங்கும் அவரது தனிமைக்கு ஒரு நாயும் ஒரு கீரியும் துணையாயிருந்தன. மேற்கூறிய தொகுதி வெளிவந்த அதே 1974இல் வெளியான அவரது தன்வரலாறு அவ்வாழ்க்கையை விவரிக்கின்றது. நாள்தோறும் மலவாளி அகற்ற வந்த, சாதியால் ஒடுக்கப்பட்ட தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தாம் அவளது இசைவின்றிக் கைப்பற்றி உறவுகொண்டமையை அவரே அதில் எழுதியுள்ளார். அவள் தம்மை இகழ்ந்தமை நியாயமே என்றும் ஒப்புகின்றார். ஆனால் அப்பெண்ணுக்கு அப்பக்கங்களிற் பெயரில்லை, பேச்சுமில்லை. 2018ஆம் ஆண்டிற் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோது, சிலி நாட்டுப் பெண்ணுரிமையாளர் இப்பகுதியைச் சுட்டியே அதனை எதிர்த்தனர்.

நாயிடம் எசமானாயிருக்க மறுத்தவர், அப்பெண்ணிடம் எசமானாகவே நடந்தார். ஆதலால், கவிதை பேசும் வாய்மையைக் கவிஞரின் வாழ்வு முழுவதற்குமுரிய நற்சான்றாகக் கொள்ளமுடியாது. இதனாற் கவிதை பொய்யாகிவிடவுமில்லை. ஓர் உறவின் வாய்மைக்கு மாத்திரமே அது உரிமை கோருகின்றது. பழகிய உயிரை இழந்து துயருறுவோர் அதிலிருந்து பெறத்தக்க ஆறுதல் மெய்யானது. மாண்டதை மிகைப்படுத்தாது, உள்ளவாறு நினைவுகூருமாறு அது கற்பிக்கின்றது. மாண்ட கவிஞரையும் அவ்வாறே, உள்ளவாறு, நினைவுகூர்தல் விமரிசனத்தின் கடனாகும்.