முகவரியின் அரசியல்: திருநர் தன்வரலாறுகளை முன்வைத்து

திருநங்கையர் எழுதிய தன்வரலாறுகளுக்கு நம் சிறுபத்திரிகைச் சூழல் கொடுத்துவந்திருக்கும் வாசிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. 'வலி', 'துயரம்', 'மனதை உலுக்குகிறது'. மதிப்புரைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுகிறார். அழுவதற்கு அவருக்கு இன்னொருத்தருடைய உடம்பு கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். இந்தப் பிரதிகள் யாருக்கு மிக அவசரமாகத் தேவைப்படுகின்றன என்று கேட்டுப் பார்த்தால் வேறொரு வாசிப்பு திறக்கும். சின்ன ஊர் ஒன்றில், பதினாறு பதினேழு வயதில், ஊர் தன்னை அழைக்கும் பாலுக்குள் தான் இல்லை என்று தெரிந்துகொண்ட ஒருவருக்கு முதல் கேள்வி 'நான் யார்' என்பதாகக்கூட இருக்காது. 'எங்க போறது, யார்கிட்டப் போறது?' அவருக்கு இவை முகவரிப் புத்தகங்கள்.

கி. ராஜநாராயணனின் 'கோமதி'யில் அப்படி ஒரு முகவரி கிடையாது. கோமதிக்கு இடம் அடுத்தவர் வீட்டுச் சமையலறைதான். தன்னைப்போல் இன்னொருவரை அங்கே சந்திக்க வழியில்லை. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி'யில் (1994) சுயம்பு மேகலையாகி டில்லிவரை போகமுடிகிறது. வெளியே நின்று எழுதிய நாவல்தான், உபதேசமும் கொஞ்சம் அதிகம். என்றாலும் தனியாள் கதை அங்கே கூட்டத்தின் கதையாகிறது.

ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' (2004), அவருடைய தன்வரலாறான 'வெள்ளை மொழி' (2011) இரண்டையும் இந்த நோக்கில் திரும்பப் படிக்கலாம். தன்வரலாறு முதலில் வ. கீதாவின் ஆங்கிலத்தில் 2010இல் வந்து, பிறகே தமிழ்ப் புத்தகமானது என்பது நம் பதிப்புலகம் பற்றியும் ஏதோ சொல்கிறது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து டில்லி, பம்பாய், பெங்களூர் என்று நீளும் அந்தப் பயணத்துக்கு எந்த அலுவலகமும் வழிகாட்டவில்லை. வாய்வழிச் செய்திதான் வரைபடம். ஒருத்தி இன்னொருத்தியிடம் கொண்டுபோய் விடுகிறாள், அவள் வேறொரு ஊரைச் சொல்கிறாள். ரயில் இருக்கிறது. ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், சரவணன் வித்யா' (2007) வேறு விதமான சாட்சியம். தலித் குடும்பத்தில் பிறந்து மொழியியலில் முதுகலை படித்தவர், புனே ரயில்களில் கைநீட்ட வேண்டியிருக்கிறது. பட்டம் திறக்காத கதவை ஜமாத் திறக்கிறது. கடப்பாவில் செய்துகொண்ட அறுவையைப் பற்றிய பக்கங்களை நம் ஆட்கள் திகில் காட்சியாக வாசிக்கிறார்கள். வழிதேடி வாசிக்கிறவர் கேட்பது வேறு: கூட யார் இருந்தாங்க, புண் ஆற எத்தனை நாளாச்சு, அதுவரைக்கும் சோறு யார் போட்டாங்க? பிறகு அவர் ஊர் திரும்பி வேலைக்குப் போனபோது கைகொடுத்ததில் நாடக வட்டத்து நட்புகளுக்கும் பங்குண்டு. அதாவது நம்மைப் போன்றவர்களின் வட்டம். எத்தனை பேருக்கு நாம் இப்படிப் பயன்பட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

ஜமாத்தைப் புனிதப்படுத்த வேண்டாம். குரு, சேலா என்ற உறவுக்குள் அதிகாரம் இருக்கிறது. வீட்டுவேலை செய்யணும், சம்பாத்தியத்தைக் கொடுக்கணும், ஒரு குருவை விட்டு வேறு குருவிடம் போனால் தண்டம் கட்டணும். ரேவதி இதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் சோறும் பாயும், கணக்கு பிறகு. அரசு இதைத் தலைகீழாக்குகிறது. முதலில் காகிதம்.

தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15 அன்று நலவாரியம் வந்தது. மறுக்க முடியாத வெற்றி. ஆறு ஆண்டு கழித்து அதே தேதியில், 2014இல், உச்சநீதிமன்றம் நால்சா வழக்கில் பாலினத்தை அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம், அறுவை நிபந்தனையாகாது என்றது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ சான்றிதழை மாவட்ட ஆட்சியரின் கையில் கொடுத்தது. ஆண் என்றோ பெண் என்றோ திருத்திக்கொள்ள மருத்துவக் கண்காணிப்பாளரின் சான்றும் கேட்டது. அதைவிடக் கூர்ந்து வாசிக்கவேண்டியது, அந்தச் சட்டம் எழுதிய 'குடும்பம்' என்பதன் வரையறை: ரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து. அம்மாவென்றும் மகளென்றும் அழைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் சமைத்து, செத்தால் தூக்கிப் போகிறவர்கள் இதற்குள் வரவில்லை. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவில் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து நீதிமன்ற ஆணை இல்லாமல் பிரிக்கக்கூடாது. பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் மறுவாழ்வு மையம். எந்த வீட்டில் அடி விழுந்ததோ அந்த வீடு, இல்லையென்றால் அரசுக் கட்டடம். நடுவில் ஜமாத் வீட்டைச் சட்டத்தின் கண் பார்க்கவே இல்லை.

வாரியத்துக்கு முன்பே திறந்த இன்னொரு வாசல் எய்ட்ஸ் தடுப்பு. சென்னையில் 1986இல் தொற்று கண்டறியப்பட்டதற்குப் பின்வந்த ஆண்டுகளில் நிதி வந்தது, ஆணுறை வந்தது, கூடி உட்கார ஒரு அறையும் வந்தது. அந்த அறை முக்கியம். பல அமைப்புகள் அங்கேதான் முளைத்தன. ஆனால் 'ஆபத்துக் குழு' என்ற தலைப்பின்கீழ்தான் பெயர் பதிவாக வேண்டியிருந்தது. நோய் பரப்பக்கூடியவராக எண்ணப்பட்ட பிறகே ஆதரவுக்கு உரியவர்.

இந்த வாசல்கள் எதிலும் திருநம்பிகளுக்குச் சுலபமாக நுழைவில்லை. ஜமாத் மரபு திருநங்கையருடையது. எய்ட்ஸ் நிதியின் கணக்கில் இவர்கள் அநேகமாக இல்லை. பெண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவருக்கு ராத்திரி ரயிலேறுவதே வேறு கதை. வீட்டைவிட்டு வந்தால் 'பெண்ணைக் காணோம்' என்று புகார், தேடி வருவது போலீஸ்.

வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் இந்த இடத்தைத் தொட்டது. சுஷ்மா வழக்கின் அந்த ஆணை, இத்துறையில் அனுபவமுள்ள தொண்டு நிறுவனங்களையும் சமூகக் குழுக்களையும் முகவரியோடும் அவை செய்யும் சேவைகளோடும் பட்டியலிட்டு எட்டு வாரத்துக்குள் வெளியிடவேண்டும் என்று ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. முகவரி என்பதை ஓர் உரிமையாக நீதிமன்றம் பேசியது, அந்த வகையில் பெரிய விஷயம். ஆனாலும் பட்டியலில் ஏற ஒரு குழுவுக்குப் பெயர்ப்பலகை வேண்டும், அலுவலகம் வேண்டும், 'சேவை' என்ற கட்டத்தில் எழுத ஏதாவது வேண்டும். நாமக்கல்லிலிருந்து கிளம்பிய ஒருவரை ரயிலடியில் அடையாளம் கண்டு, 'சாப்பிட்டியா' என்று கேட்டு, மூணு மாசம் வைத்துக்கொண்ட சந்துவீட்டை அந்தக் கட்டத்தில் என்னவென்று எழுதுவது?