பெயரை மறைக்கலாம், பக்கத்தை மறைக்கலாமா?

சென்ற ஆண்டு ஹட்டனில் ஒரு நூல் அறிமுகக் கூட்டம். மலையகச் சிறுகதைத் தொகுதி ஒன்று. தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை எல்லாம் முடிந்து சபையோர் கருத்துக்கு நேரம் விட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழும்பினார். இந்தத் தொகுதியில் வருகிற தோட்டத் தலைவர்மார் எல்லோருமே உத்தமர்களாக இருக்கிறார்களே, நாங்கள் லயத்தில் பார்க்கிற தலைவர்மார் இப்படித்தானா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. சுத்தமான இலக்கியக் கேள்வியும்கூட. மேடையிலிருந்து வந்த பதில் இது:

"தம்பி, நீங்க எந்தச் சங்கம்?"

"நான் எந்தச் சங்கமும் இல்லங்க சேர்."

"அப்ப யாரு அனுப்பினது?"

சபை சிரித்தது. இளைஞர் உட்கார்ந்துவிட்டார். பாத்திரப் படைப்பைப் பற்றிய அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சிரித்தவர்களில் ஒருவன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தியது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலிலிருந்து வருகிறது.

விவாதத்தில் ஒருவர் தம் பெயரைச் சொல்ல வேண்டுமா? தமது கட்சியை, சங்கத்தைச் சொல்ல வேண்டுமா? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். நாம் அவற்றை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம். பெயர் வேறு, பக்கம் வேறு.

முதலில் பெயர். தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் பதிவதுதான் 'பேர்'. நிர்ணயித்த இறாத்தல் கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப்பேர்'. கணக்கப்பிள்ளை கோபித்தால் பேரை வெட்டிவிடுவார். ஆக, பேர் என்றால் சம்பளம். பேரை இழந்தால் சோறு இல்லை. லயத்து அறையும் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் கூரையும் போகும். இப்படிப்பட்ட இடத்தில் "தைரியம் இருந்தால் சொந்தப் பெயரில் எழுது" என்று சொல்வது, டவுனில் சொந்த வீடும் பென்ஷனும் உள்ள என் போன்றவர்களுக்கு மிகவும் சுலபம்.

சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவலின் பெயரே இதைச் சொல்கிறது. தோட்டத்தில் சங்கம் வைக்க முனைகிறவனுக்கு என்ன நடக்கும் என்பதுதான் அதன் பொருள். அதை எழுதியவர் தம் பக்கத்தை ஒருநாளும் மறைக்காதவர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர். பிறகும் வாழ்நாள் முழுக்கத் தொழிற்சங்கக்காரராகவே இருந்தார். அவருடைய எழுத்தைக் கையில் எடுக்கும் எவருக்கும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தெரிந்தே படிக்கிறோம், தெரிந்தே குறையும் சொல்கிறோம்.

அவருக்கு முன்பு கோ. நடேசையர். தோட்டத்துக்குள் வெளியாள் போனால் அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலத்தில், புடவை வியாபாரிபோல வேஷம் போட்டுக்கொண்டு அவர் லயங்களுக்குள் போனதாகச் சொல்வார்கள். துரைக்குத் தம்மை மறைத்தவர், எழுதும்போது மறைக்கவில்லை. 'தேசபக்தன்' பத்திரிகையை அவர் யாருக்காக நடத்தினார் என்பது அதன் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்தது. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி, 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். காவலைத் தாண்டுவதற்கு ஒரு வேஷம். வாசகன் முன்னால் வேஷமே இல்லை. இந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நடேசையரின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்து எழுதிய சாரல் நாடனும் புனைபெயர்க்காரர்தான். கருப்பையா நல்லையா என்பது இயற்பெயர். தேயிலைத் தொழிற்சாலை அதிகாரியாக இருந்தவர். தெளிவத்தை ஜோசப் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். மாத்தளையின் பண்ணாமத்துக் கவிராயரை நம்மில் பலர் அந்தப் பெயரில்தான் அறிவோம். புனைபெயர் மலைநாட்டு எழுத்தில் புதிதல்ல, குற்றமும் அல்ல. இவர்களுடைய பெயர்களுக்குப் பின்னால் ஆளும் இருந்தார், அவர் நிற்கிற இடமும் தெரிந்தது.

இனிப் பக்கம். 'எந்தச் சங்கம்?' என்ற கேள்வி மலையகத்தில் ஏன் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதையடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரிடமிருந்து வாக்கைப் பறித்தன. வாக்கில்லாத மனிதனுக்கு எஞ்சியிருந்த ஒரே அரசியல் அடையாளம் சங்கத்தின் அங்கத்துவம்தான். கலியாணத்துக்கு யார் வருவார், பொலிஸ் நிலையத்துக்கு யார் கூட வருவார், துரையிடம் யார் பேசுவார் எல்லாமே சங்கத்தைப் பொறுத்தது. அதனால் அந்தக் கேள்வியை வெறும் குறுக்குப்புத்தி என்று நான் தள்ளமாட்டேன்.

ஆனால் ஒரு முரண் உண்டு. சங்கச் சந்தா தொழிலாளியின் சம்பளத்திலேயே கழிக்கப்படுகிறது. அவள் எந்தச் சங்கம் என்பது ஆபீசில் பதிவாகி, சம்பளத் துண்டிலும் வந்துவிடுகிறது. துரைக்குத் தெரியும், கிளாக்கருக்குத் தெரியும், பக்கத்துக் காம்பராவுக்கும் தெரியும். கொழுந்து பறிக்கிற பெண்ணின் பக்கம் இப்படிப் பகிரங்கமாக இருக்க, அவளைப் பற்றி எழுதுகிற, அவளைப் பற்றிய கதைகளுக்கு மதிப்பெண் போடுகிற நம்மில் பலருடைய பக்கம் மட்டும் இரகசியமாக இருக்கிறது. இது நியாயமா?

என் வாப்பா ஹட்டன் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மாதச் சம்பளத்துக்குக் கடன் கொப்பி. எல்லாச் சங்கத்துக்காரர்களும் வாடிக்கையாளர்கள். மே தினத்துக்கு யார் வந்து கேட்டாலும் ஒரே தொகை கொடுப்பார். "கடக்காரனுக்கு ஏதுடா மகன் சங்கம்?" என்பார். ஆனாலும் அவர் தப்பவில்லை. 1956இல் ஜனாப் அப்துல் அஸீஸ் பிரிந்து போய் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்ததற்குப் பிறகு, முஸ்லிம் கடைக்காரர் என்றால் அஸீஸ் பக்கம்தான் என்று சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். வாப்பா சொல்லாத பக்கத்தை அவருடைய பெயரே சொல்லிவிட்டது, அதுவும் பிழையாக. பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நடுநிலை கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நாம் சொல்லாவிட்டால் ஊர் நமக்கு ஒன்றை ஒட்டிவிடும்.

இனி என் சொந்தப் பிழை. எண்பதுகளில் ஒரு சிறுபத்திரிகையில் புனைபெயரில் ஒரு விமர்சனம் எழுதினேன். தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவருடைய முதல் தொகுதி. 'இலக்கியத்தைவிடச் சங்கப் பிரசார வாடையே தூக்கல்' என்று எழுதினேன். நான் சுட்டிக்காட்டிய குறைகள் பொய்யல்ல. இன்று வாசித்தாலும் பாதிக்கு மேல் சரி. நான் சொல்லாமல் விட்டது வேறு. அந்த நாட்களில் எதிர்ச்சங்கத்தின் பத்திரிகைக்குப் படி பார்த்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தேன். பிரசார வாடை என்று மூக்கைப் பொத்தியவனின் சட்டையிலேயே மற்றப் பக்கத்து வாடை இருந்தது.

சில மாதங்கள் கழித்து அந்த ஆசிரியர் கடைக்கு வந்தார். ஆள் யாரென்று தெரியாமல் என்னிடமே கேட்டார்: "நானா, அத எழுதினது யாராயிருக்கும்? மூணாவது கதையப் பத்திச் சொன்னது சரிதான். ஆள் தெரிஞ்சா நேரா போய்க் கேட்டுக்கலாம்." நான் தெரியாது என்றேன். அவர் சண்டை பிடிக்க வரவில்லை; கற்றுக்கொள்ள வந்திருந்தார். அவர் இறந்து பல வருடமாகிவிட்டது. மௌத்துக்குப் போய் நின்றபோதும் இதைத்தான் நினைத்தேன். என் புனைபெயர் என்னை எந்த ஆபத்திலிருந்தும் காப்பாற்றவில்லை, ஏனென்றால் எனக்கு ஆபத்தே இருக்கவில்லை. அது ஒரு எழுத்தாளனிடமிருந்து ஓர் உரையாடலைப் பறித்தது, அவ்வளவுதான்.

நமது சமூக வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை படித்தார். சோனகர் இனத்தால் தமிழரே என்பது அதன் வாதம். தலைப்பு ஆராய்ச்சி. ஆனால் படித்தவர் சட்டசபையின் தமிழ்ப் பிரதிநிதி. சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற பேச்சு எழுந்திருந்த வேளை. அடுத்த ஆண்டே அந்த ஆசனம் சோனகருக்குக் கிடைத்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் தம் பெயரிலேயே, சோனகர் சங்கத்தைச் சார்ந்து நின்று, அதற்கு மறுப்பு நூல் எழுதினார். இருவரும் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் நூற்றாண்டு கழித்தும் அந்த விவாதத்தை நம்மால் எடைபோட முடிகிறது. இரண்டும் அநாமதேயத் துண்டுப்பிரசுரங்களாக வந்திருந்தால் இன்று வெறும் வசைகளாக மிஞ்சியிருக்கும்.

இன்னும் பின்னால் போனால் ஹதீஸ் கலை இருக்கிறது. அறிவிப்பாளரின் பெயரைக் கேட்கும் வழக்கம் ஃபித்னாவுக்குப் பிறகே வந்தது என்று இப்னு சீரீன் சொன்னதை இமாம் முஸ்லிம் தம் முன்னுரையில் பதிவுசெய்கிறார். அதாவது, சமூகம் அரசியலால் பிளந்த பின்புதான் "நீ யார்?" என்ற கேள்வி அவசியமானது. அறியப்படாத ஆள் 'மஜ்ஹூல்'. அவர் அறிவிப்புக்கு வலு குறைவு. ஆனால் நாம் மறந்துவிடுகிற மறுபாதியும் உண்டு. பக்கம் தெரிந்ததும் அந்த அறிஞர்கள் ஆளைத் தூக்கி வீசிவிடவில்லை. இம்ரான் இப்னு ஹித்தான் காரிஜிக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. அவர் எந்தக் கூட்டம் என்று எழுதிவைத்தார்கள், உண்மையாளரா என்றும் பார்த்தார்கள். பக்கத்தைக் கேட்டது எடைபோட. வாயை அடைக்க அல்ல. ஹட்டன் மேடையில் நடந்தது இதற்கு நேர்மாறு.

இன்னொரு கவலையும் உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் பெயரோடு எழுதுவதற்கே நம்மில் பலர் யோசித்தோம். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற தமது கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பெயரை அட்டையில் போட்டு எழுதியவர் கொடுத்த விலை இது. இதைப் பார்த்த பிறகு எந்த இளைஞரிடமும் "பெயரைப் போடு" என்று நான் கட்டாயப்படுத்தமாட்டேன்.

பக்கமே இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடியபோது, "பின்னால யாரு?" என்பதுதான் எங்கள் டவுனில் முதலில் கேட்ட கேள்வி. 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்த் தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்தபோது அங்கேயும் அதே கேள்வி. அந்தப் பெண்கள் தங்கள் முகத்தையும் மறைக்கவில்லை, கோரிக்கையையும் மறைக்கவில்லை. யாரையும் சாராதிருப்பதும் ஒரு பக்கம்தான்.

ஆகவே நான் வந்து சேர்ந்த இடம் இது. வலியவரைப் பற்றி எளியவர் எழுதும்போது பெயரை மறைக்கலாம். அது அவருடைய கூரையைக் காக்கும். ஆசிரியருக்கு மட்டும் ஆள் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இன்னொருவரின் எழுத்தை எடைபோட உட்காருகிறவர், என்ன பெயரில் எழுதினாலும், எந்தச் சங்கத்தின் சம்பளமோ மேடையோ தமக்கு உண்டு என்பதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். தராசு பிடிக்கிறவன் கை தெரிய வேண்டும் என்று வாப்பா சொல்வார். கேட்கிற நாமும் அந்த ஒரு வரியைக் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொள்ளக் கூடாது. பக்கத்தைச் சொன்னவனைத் தண்டிக்கிற சபையில் அடுத்தவன் ஏன் உண்மை சொல்லப்போகிறான்?

நான் இன்று எந்தச் சங்கத்திலும் அங்கத்தவன் அல்ல. அன்று கூலி வாங்கியதை மேலே சொல்லிவிட்டேன். அந்த இளைஞரின் கேள்விக்கு இப்போதாவது பதில்: தம்பி, நீங்கள் கேட்டது சரி. அந்தத் தொகுதியின் தலைவர்மார் உயிரில்லாத உத்தமர்கள். ஒரேயொரு கதையில், மகளின் சடங்குக்குக் கடன் வாங்கச் சங்கப் பணத்தை எடுத்துவிட்டுத் தூங்காமல் கிடக்கிற தலைவர் மட்டும் மனிதராக வருகிறார். அதை எழுதியவரால் மற்றவற்றையும் அப்படி எழுதியிருக்க முடியும். இதை அன்றைக்கே நான் எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும்.