குளக்கரைக் கருங்கல்

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் குளத்துக்கு அனந்தசரஸ் என்று பெயர். ஆதிசேஷன் உண்டாக்கியதாகத் தலபுராணம் சொல்லும். 1017இல் இராமானுசர் பிறந்த ஊர் இது.

இதுபோன்ற கோயில் குளங்களின் படிக்கட்டு பழைய முறையில் சாந்தில்லாமல் அடுக்கப்படுவது. மேல் கல்லின் முன்பகுதி கீழ்க்கல்லின் பின்பகுதியை அழுத்திக்கொண்டு உட்காரும், எடைதான் பிடிமானம். இணைப்பு இடுக்குகளில் ஊற்றுநீர் கசிந்து குளத்துக்குள் வரும். பழுதுபார்க்கிறோம் என்று அந்த இடுக்குகளை சிமெண்டால் அடைத்தால், மண்ணில் தேங்கும் நீர் பின்னாலிருந்து தள்ளிக் கரை புடைத்துவிடும். உளியால் பொளிந்த சொரசொரப்பும் ஈரக்கால் வழுக்காமலிருக்கத்தான். அந்தப் பொளிவின் ஒழுங்கு கைக்கும் கண்ணுக்கும் இதமானது.

வினைல் விரிப்பு போட்ட இக்கால நீச்சல் குளத்திலோ விளிம்புக் கல்லுக்கு வேறு வேலை. விரிப்பின் ஓரம் மாட்டியிருக்கும் பள்ளப்பட்டையை அது மூடிக் காக்கிறது. அதன் வாட்டம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், தரையின் அழுக்கு நீர் உள்ளே இறங்கக் கூடாது. கோயில் குளத்துப் படிக்கோ வாட்டம் நீரை நோக்கியே. மழை அங்கே வந்து சேர வேண்டியது.