ஆணி அறையாத அழகு

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயில வந்து விடுதியில் தங்கும் மாணவர், படிப்பு முடிந்ததும் ஒப்படைத்துவிட வேண்டிய அறையைச் சுவருக்குச் சேதமின்றி அழகுபடுத்துவது, எளிமையாலேயே கவனிக்கப்படாமல் போகும் ஒரு கைத்திறன். பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளைக் கடந்து வரும் உப்புக்காற்றில் இரும்பாணி விரைவில் துருவேறிப் பழுப்புக் கறையை விட்டுச்செல்லும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்போ, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறுகும் மெல்லிய படலமே ஆதலால், ஒட்டுநாடாவை உரிக்கும்போது அதனுடன் பொருக்காகப் பெயர்ந்துவிடும்.

ஆகவே சுவரை விடுத்துச் சன்னல் கம்பியை நாடுவதே தக்கது. கம்பிகளுக்கிடையே இழுத்துக் கட்டிய கொடியில், அதாவது துணி உலர்த்தும் கயிற்றில், கவ்விகளைக் கொண்டு தில்லை, சுரபுன்னை, கண்டல் ஆகிய அலையாத்தி மரங்களின் இலைகளைத் தாமே வரைந்து தொங்கவிடும் தாவரவியல் மாணவரின் அறை, கடைப் படங்கள் நிறைந்த அறையைக் காட்டிலும் பன்மடங்கு அழகுடையது. அலமாரிக் கதவின் உட்புறத்தில் தாள் ஒட்ட, மைதா மாவை நீரில் காய்ச்சிய பசை போதுமானது. ஈரத்துணியை ஒற்றி ஊறவைத்தால் அது இளகிவிடும். கரப்பான் பூச்சி அப்பசையை விரும்பி அரிக்கும் என்பதால், நூல் கட்டுவோர் அதில் சிறிது மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சாகையால், உணவுண்ணும் அறையில் தவிர்க்கத்தக்கது.