வெறுப்பின் படிவரிசை: சீனமொழியினர்க்கு ஆங்கிலம் கற்பித்தலில் ஒரு சிக்கல்

கடும் வெறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சீனமொழி பேசுவோர்க்குக் கற்பிக்கும் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் படிவரிசையாக அமைகின்றன. 'டிஸ்லைக்' கீழ்ப்படி, 'ஹேட்' அதற்கு மேல், 'டிடெஸ்ட்', 'லோத்' உச்சம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சீனச் சொல் நிற்கும். வெறுப்புச் சொற்கள் அளவால் மட்டுமே வேறுபடுகின்றன என்னும் இக்கொள்கை மூன்று நிலைகளில் பொருந்தவில்லை.

முதலாவது, பொருண்மை. 'ஹேட்' என்பதற்கு நிகராகத் தரப்படும் 'ஹென்' என்னும் சீன வினை, ஆறாத மனக்குறையைச் சார்ந்தது. இதன் பழம்பொருள் வருத்தம், ஏக்கம் என்பனவாகும். பாய் ஜூயி 806இல் இயற்றிய 'சாங்ஹென் கெ' ஆங்கிலத்தில் நீங்காத் துயரின் பாடல் என்று பெயர் பெற்றிருப்பது இதனாலேயே. இரும்பு எஃகாகவில்லையே என்று 'ஹென்' கொள்வதாகக் கூறும் சீன மரபுத்தொடர், முன்னேறாத பிள்ளையிடம் பெற்றோர் கொள்ளும் ஆற்றாமையைச் சுட்டும். ஆங்கில 'ஹேட்' என்பதோ பகைவனுக்கும் வழங்கும். காளான் கறிக்கும் வழங்கும். தொந்தரவு தர மனமில்லை என்னும் பணிவுரையிலும் வரும். இரண்டையும் நிகரெனக் கற்றவர், எளிய இடங்களில் 'ஹேட்' என்று சொல்லத் தயங்குவர்.

இரண்டாவது, இலக்கணம். 'தாவ்யென்' என்னும் சீனச் சொல், வெறுப்பைத் தேடிக்கொள்ளுதல் என்னும் சொற்பொருளுடையது. 'அவன் மிகத் தாவ்யென்' எனின் அவன் எரிச்சலூட்டுபவன். இறுதியில் 'என்னை' என்பது சேரின் அவன் என்னை மிக வெறுக்கிறான். 'மிக' என்னும் அடை சீனத்தில் இவ்வினைக்கு முன் இயல்பாக வருவதால் 'ஐ வெரி ஹேட்' என்னும் பிழை தோன்றுகிறது. இச்சொல்லே காதலரிடையே செல்லச் சிணுங்கலாகவும் வழங்கும். சூழல் நோக்காமல் மொழிபெயர்த்தால் ஊடல் பகையாகிவிடும்.

மூன்றாவது, தொடரமைப்பு. 'கான்ட் ஸ்டாண்ட்' என்பதும் சீன 'ஷோவ்புல்யாவ்' என்பதும் பொறுக்க முடியாமையை எதிர்மறையால் உணர்த்துகின்றன. இப்பொருளில் 'ஸ்டாண்ட்' எதிர்மறையிலும் வினாவிலுமே பெரிதும் பயில்கிறது. சீனத் தொடரின் உடன்பாட்டு வடிவமும் அத்தகையதே. கற்பவர்க்கு மிக அண்மையான இவ்விணைக்குத் தனிச்சொற்களாலாகிய படிவரிசையில் இடமில்லை.

யார், எதனை, எவ்வுறவில் நின்று வெறுக்கின்றனர் என்பதே வகைப்பாட்டின் அடிப்படையாதல் வேண்டும். அளவு அதன்பின் வைத்து எண்ணத்தக்கது.